ஜன்னலா ஐலா என்று கேட்பதற்கு முன்னால்

விமானத்தில் சீட் எடுப்பதைப் பற்றிப் பேச்சு வந்தாலே "ஜன்னலா, ஐலா (நடைபாதை ஓரமா)?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எந்த விமானம் என்பதை முதலில் பாருங்கள் என்பேன். டிக்கெட் போடும்போதே விமான எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஏ320, 737-800, 777-300இஆர் என்று விமானத்தின் மாடல் இருக்கும். அதைப் படிக்காமல் சீட் எண்ணை மட்டும் பார்த்துக் காசு கட்டுவது வீண்.

ஏர்பஸ் ஏ320, போயிங் 737 இரண்டிலும் வரிசைக்கு 3-3 சீட், அதாவது நடைபாதைக்கு இரண்டு பக்கமும் மும்மூன்று. ஆனால் ஏர்பஸின் உடல் கொஞ்சம் அகலம். அதில் ஒரு சீட் சுமார் 18 அங்குலம் என்றால் 737-இல் சுமார் 17. ஓர் அங்குலம்தானே என்று தோன்றும். நடு சீட்டில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தோள் இடிக்கும்போது தெரியும் அதன் அருமை. பெரிய விமானங்களில் கதை இன்னும் மோசம். போயிங் 777-ஐ ஆரம்பத்தில் பல நிறுவனங்கள் 3-3-3 என்று வைத்திருந்தன. இப்போது பெரும்பாலும் 3-4-3. விமானம் அகலமாகவில்லை, வரிசைக்கு ஓர் ஆள் கூடிவிட்டார், அவ்வளவுதான். சீட்டும் குறுகியது, நடைபாதையும் குறுகியது. போயிங் 787-இலும் இதே வேலைதான்: 8 பேர் வசதியாக உட்காரும் அகலத்தில் 9 பேர்.

ஏர்பஸின் பெரிய விமானமான ஏ330-இல் 2-4-2. தம்பதியாகப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல அமைப்பு கிடையாது. ஒரே ஊருக்கு, ஏறக்குறைய ஒரே கட்டணத்தில் 777-உம் ஏ330-உம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், ஏ330. 777-தான் கிடைத்தது என்றால் கடைசிச் சில வரிசைகளைப் பாருங்கள். உடல் வாலை நோக்கி ஒடுங்குவதால் அங்கே ஓரத்தில் மூன்றுக்குப் பதில் இரண்டு சீட்தான் இருக்கும். ஜன்னலுக்கும் சீட்டுக்கும் நடுவே கைப்பை வைக்கும் அளவுக்கு இடம் கிடைக்கும்.

காலுக்கான இடத்தைப் 'பிட்ச்' என்ற கணக்கில் சொல்வார்கள். ஒரு சீட்டின் ஏதாவது ஒரு புள்ளியிலிருந்து முன் சீட்டின் அதே புள்ளி வரை உள்ள தூரம் அது. எகானமியில் பெரும்பாலும் 28 முதல் 32 அங்குலம். இந்த எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். முதுகுப் பகுதி மெலிந்த புது சீட்டில் 29 அங்குலத்திலேயே முழங்காலுக்கு இடம் இருக்கும், தடித்த பழைய சீட்டில் 31 இருந்தும் இடிக்கும்.

சீட்டுகள் தரையில் உள்ள தண்டவாளத்தில் பூட்டப்பட்டவை. அங்குலம் அங்குலமாக முன்னும் பின்னும் நகர்த்தலாம். ஜன்னல்களோ விமானத்தின் எலும்புக்கூட்டோடு சேர்ந்தவை, நகராது. அதனால்தான் ஜன்னல் சீட் என்று எடுத்தும் சிலருக்குப் பாதி ஜன்னல் வாய்க்கிறது. 737-800-இல் இறக்கைக்குக் கொஞ்சம் முன்னால், இடப்பக்கத்தில், ஜன்னலே இல்லாத வரிசை உண்டு. ஏசி காற்றை மேலே கொண்டுபோகும் குழாய் அந்தச் சுவருக்குள் ஏறுகிறது. சீட் மேப்பில் அதுவும் ஜன்னல் சீட்தான், கட்டணமும் அதே கட்டணம்தான்!

கூடுதல் காசு கொடுத்து வாங்கும் சீட்டில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஏ320, 737-800 இரண்டிலும் இறக்கை மேல் பொதுவாக இரண்டு எக்ஸிட் (அவசர வழி) வரிசைகள் அடுத்தடுத்து இருக்கும். முதல் வரிசை சாயாது, ஏனென்றால் சாய்ந்தால் பின்னால் உள்ள வழி அடைபடும். அதே காரணத்துக்காக அதற்கு முந்தைய வரிசையும் பெரும்பாலும் சாயாது. இரண்டாவது எக்ஸிட் வரிசையில் கால் நீட்டவும் செய்யலாம், சீட்டைச் சாய்க்கவும் செய்யலாம். கட்டணம் ஒன்றே என்றால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதை எடுங்கள். விமானம் மேலேறும்போதும் தரையிறங்கும்போதும் பையைக் காலடியில் வைக்க விடமாட்டார்கள். குழந்தைகளுக்கு அந்த சீட் கிடையாது.

பெரிய கதவை ஒட்டிய எக்ஸிட் வரிசை வேறு ரகம். முன்னால் சீட்டே இருக்காது, கால் நீட்டலாம். ஆனால் அவசரச் சறுக்கு மடித்து வைத்த பெட்டி கதவிலிருந்து உள்ளே புடைத்து நிற்கும், ஓர சீட்காரரின் காலுக்கு அது இடைஞ்சல். கதவுப் பக்கம் குளிரும். ட்ரே கைப்பிடிக்குள் ஒளிந்திருப்பதால் கைப்பிடி தடித்துப்போய் சீட் குறுகிவிடும், கைப்பிடியைத் தூக்கவும் முடியாது. தடுப்புச் சுவருக்குப் பின்னால் உள்ள முதல் வரிசையிலும் இதே கைப்பிடித் தொல்லைதான். கைக்குழந்தைத் தொட்டிலும் அந்தச் சுவரில்தான் மாட்டுவார்கள். தூங்க நினைப்பவர்கள் அந்தப் பக்கமே போகவேண்டாம்.

குலுக்கலுக்குப் பயந்தவர்கள் இறக்கை மேல் உட்காருங்கள், விமானத்தின் எடை மையம் அங்கேதான். வாலில் ஆட்டம் அதிகம். இன்ஜின் இறக்கைக்கடியில் இருந்தால் அதற்கு முன்னால் உள்ள வரிசைகளில் சத்தம் குறைவு. ஏடிஆர் 72 என்ற சிறிய காற்றாடி விமானத்தில் கணக்கு தலைகீழ். காற்றாடி முன் வரிசைகளுக்குப் பக்கத்தில் சுற்றுகிறது, பயணிகள் ஏறி இறங்கும் கதவு பின்னால் இருக்கிறது. அதில் முன் வரிசை கேட்டு வாங்கினால் சத்தத்தையும் கேட்டு, கடைசியாகவும் இறங்க வேண்டும்.

படம் எடுக்கிறவர்களுக்கு இறக்கைக்கு முன்னால்தான் நல்லது. இன்ஜினுக்குப் பின்னால் சூடான புகை காற்றைக் கலைப்பதால் படம் நெளிந்து தெரியும். பகலில் மேற்கு நோக்கிப் பறந்தால், வட அரைக்கோளத்தில் வெயில் பெரும்பாலும் இடப்பக்கம். கிழக்கு நோக்கி என்றால் வலப்பக்கம்.

இருவர் போகிறீர்கள், 3-3 விமானம், கூட்டம் குறைவு என்றால் பின் வரிசையில் ஜன்னலும் ஐலும் எடுத்து நடுவை விட்டுவிடுங்கள். தனி நடு சீட்டை யாரும் விரும்பி எடுப்பதில்லை. எடுத்துவிட்டாலும் இடம் மாறச் சொன்னால் சந்தோஷமாக மாறுவார்கள். ஆனால் கடைசி வரிசை மட்டும் வேண்டாம், பல விமானங்களில் அது சாயாது, பின்னாலேயே டாய்லெட் வரிசை நிற்கும்.

எடுக்கும் முன் விமான சீட் வரைபடங்கள் உள்ள ஏரோலோபா இணையதளத்தில் உங்கள் நிறுவனத்தின் அதே விமானத்தைத் தேடிப் பாருங்கள். உண்மையான அளவு விகிதத்தில் வரைந்த வரைபடம், ஜன்னல் எங்கே என்பது வரை தெரியும். ஒரே மாடலுக்கு இரண்டு மூன்று அமைப்பு இருந்தால் சீட் மேப்பின் வரிசை எண்களோடு ஒப்பிட்டால் எது என்று பிடித்துவிடலாம். வெப் செக்-இன் திறந்ததும் மறுபடி பாருங்கள், அதுவரை அடைத்து வைத்திருந்த நல்ல சீட்டுகள் சில அப்போது விடுபடும். விமானத்தை மாற்றியிருந்தால் உங்கள் எண் அப்படியே இருந்தாலும் சீட் வேறாகியிருக்கும். எக்ஸிட்டுக்குக் காசு கட்டி சாதாரண சீட் வந்திருந்தால் வித்தியாசத்தைத் திருப்பிக் கேளுங்கள், அவர்களாகத் தருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

ஐல் சீட்காரர்களுக்கு ஒன்று: நடைபாதைப் பக்கக் கைப்பிடி தூக்க வராது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பல விமானங்களில் கைப்பிடிக்கு அடியில், கீல் பக்கமாகத் தடவினால் ஒரு சின்னப் பொத்தான் தட்டுப்படும். அதை அழுத்தித் தூக்குங்கள், வந்துவிடும்.