ஒன்றரைத் தேங்காய்ச் சொதி

போன சனிக்கிழமை ராத்திரி அம்மாவைக் கூட்டிக்கொண்டு மாம்பலம் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிற சின்ன ஹோட்டலுக்குப் போனேன். மொத்தமே ஏழு மேசை. வெளியே நல்ல மழை. அடுக்களைக்கும் சாப்பிடுகிற இடத்துக்கும் நடுவில் ஒரு மரத்தட்டிதான், அதனால் உள்ளே எது தாளித்தாலும் நம் மூக்குக்கு முதலில் சேதி வந்துவிடும். சுவரில் 'வீட்டுச் சுவை' என்று எழுதி மாட்டியிருந்தார்கள். அந்தப் பலகையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால் சொதி, அதாவது எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் குழம்பு.

கரும்பலகையில் 'திருநெல்வேலி சொதி' என்று பார்த்ததும் சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு ஒப்பவில்லை. "ராத்திரில போயி சொதியா? ஏட்டி, செரிக்க வேண்டாமா?" எங்கள் ஊரில் அது மத்தியானச் சாப்பாடு. நெல்லைச் சைவ வீடுகளில் கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு வருகிற மாப்பிள்ளைக்குச் சொதிதான் விருந்து. மாப்பிள்ளைச் சொதி என்றே பேர். கூடவே இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கும் வரும். தேங்காய்ப்பால் வயிற்றில் கனமாக உட்காரும், அதைக் கிளப்புவதற்கு இஞ்சி.

இங்கே இடியாப்பத்தோடு கொண்டுவந்து வைத்தார்கள். "சொதிக்குச் சோறுல்லா வைக்கணும், இடியாப்பத்தக் கொண்டு வைக்கானே" என்று அம்மா முணுமுணுத்தார். இலங்கைத் தமிழர் வீடுகளில் இடியாப்பத்துக்குத்தான் சொதி, அது மஞ்சள் போட்டு நீர்க்க இருக்கும், எங்களுடையது வேறு என்று நான் விளக்கப் பார்த்தேன். கேட்கிற ஆளா? ஒரு கிண்ணம் சோறு தனியாக வாங்கின பிறகுதான் கை வைத்தார்.

சொதி செய்கிறவர்களுக்குத் தெரியும், அது முழுக்கப் பால் கணக்கு. தேங்காயைத் துருவி அரைத்துப் பிழிகிற முதல் பால் தனி. சக்கையில் தண்ணீர் விட்டு மறுபடி பிழிந்தால் இரண்டாம் பால், அப்புறம் மூன்றாம் பால். முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், உருளை, உரித்த சின்ன வெங்காயம் எல்லாம் நீர்த்த பாலில் வேக வேண்டும். வெந்த பாசிப்பருப்பை மசித்துச் சேர்த்து, இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்துவிட்டு, கடைசியில்தான் முதல் பால். அதை ஊற்றின பிறகு கொதிக்கவே விடக்கூடாது. ஓரத்தில் நுரை கூடி வரும்போதே இறக்கிவிட வேண்டும், இல்லையென்றால் திரிந்துபோகும். எலுமிச்சம்பழம் பிழிவதும் இறக்கின பிறகுதான்.

அந்தக் கடைக்காரர் இதெல்லாம் ஒழுங்காகச் செய்திருந்தார். பால் திரியவில்லை. முருங்கைக்காய் உடையாமல் வெந்திருந்தது. கரண்டியால் அள்ளினால் சோற்றின் மேல் மெத்தென்று உட்கார்ந்து, மெதுவாக இறங்கியது. அம்மா இரண்டு கவளம் சாப்பிட்டார். மூன்றாவது கவளத்துக்கு முன்னால் சொன்னார்: "இதுதாம்ட்டி சொதி. நான் வச்சதெல்லாம் தேங்காய் கழுவுன தண்ணில்லா."

எனக்குச் சுருக்கென்றது. அது பொய்யும் இல்லை.

திருநெல்வேலி டவுணில் எங்கள் வீட்டில் ஒன்பது பேர். ஆச்சி, தாத்தா, அப்பா, அம்மா, கல்யாணமாகாத இரண்டு சித்தப்பாக்கள், நாங்கள் மூன்று பேர். சொதி வைக்கிற அன்றைக்கு ஒன்றரைத் தேங்காய்தான். மிச்சம் இருக்கிற அரை மூடி மறுநாள் சட்னிக்கு என்று உப்புத் தடவி வைத்துவிடுவார்கள். பிழிகிற வேலை எனக்கு. வெள்ளைத் துணியில் சக்கையை வைத்து முறுக்கினால் முதல் தடவை விரலிடுக்கில் கெட்டியாக வழியும். மூன்றாவது தடவை வருவதைப் பால் என்று சொல்ல மனது வராது, அரிசி கழுவின தண்ணீர் மாதிரி இருக்கும். அம்மா அதோடும் விடமாட்டார். "இன்னொரு பிழி பிழி" என்பார். நான்காம் பால் என்று எந்தச் சமையல் குறிப்பிலும் நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் உண்டு. கை வெளுத்து, நகக்கண் ஊறி, சாயங்காலம் வரை உள்ளங்கையில் தேங்காய் வாசனை அடிக்கும். அந்த வாசனையோடு வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறேன்.

அந்தச் சொதி சோற்றில் நிற்காது. ஊற்றினால் தட்டின் விளிம்புக்கு ஓடும். சோற்றால் அணை கட்டித்தான் சாப்பிட வேண்டும். உருளைக்கிழங்கு ஆளுக்கு இரண்டு துண்டு, தாத்தாவுக்கு நான்கு. கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்த அம்மாவுக்கு எத்தனை துண்டு மிஞ்சியது என்று நான் அப்போது பார்த்ததில்லை, அதனால் இங்கே எழுதவும் முடியாது.

சரி, இப்போது அந்தப் பலகை. முகநூலில் வாரத்துக்கு ஒரு பதிவாவது வருகிறது: 'ஹோட்டல் சாப்பாடு அம்மா கைப்பக்குவம் ஆகுமா?' ஹோட்டல்காரர்களும் அதை நம்பி 'பாட்டி சமையல்', 'வீட்டுச் சுவை' என்று எழுதி மாட்டுகிறார்கள். என் வீட்டுச் சுவையை அப்படியே கொடுத்தால் நான் காசு கொடுப்பேனா என்பதே சந்தேகம். அதில் நான்காம் பால் இருக்கும். விறகு ஈரமாக இருந்த நாட்களின் புகை இருக்கும். ஆச்சியோடு மனஸ்தாபம் என்றால் அன்றைக்குக் குழம்பில் உப்பு தூக்கலாக இருக்கும். இந்தக் கடையின் சொதி என் அம்மா வைத்ததைவிட நன்றாக இருந்தது. இதைச் சொல்வதால் அம்மாவுக்கு ஒரு குறையும் வந்துவிடாது, அவரே சொல்லிவிட்டார். குறைந்த தேங்காயில் ஒன்பது பேருக்குச் சமைத்தவரிடம் போய் 'உங்கள் கைமணம் யாருக்கு வரும்' என்று பாடுவது எனக்கென்னவோ கூச்சமாக இருக்கிறது. தேங்காய் கேட்டபோது யாரும் வாங்கிக் கொடுக்கவில்லை. கைமணம் என்ற பட்டத்தை மட்டும் ஆளாளுக்குக் கொடுக்கிறோம்.

இவ்வளவு நியாயம் பேசுகிற நான் அன்றைக்குச் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். பாதிச் சாப்பாட்டில் பரிமாறுகிற தம்பியைக் கூப்பிட்டு ஒரு டம்ளர் வெந்நீர் கேட்டேன். குடிப்பதற்கு என்று நினைத்துக் கொண்டுவந்து வைத்தார். அம்மா கை கழுவப் போன சமயம் பார்த்து, என் கிண்ணத்துச் சொதியில் பாதி டம்ளர் ஊற்றிக் கலக்கிவிட்டேன். உப்பு கொஞ்சம் போட்டேன். சோற்றில் அணை கட்டி ஊற்றினேன். ஓடியது. விளிம்பு வரை ஓடியது.

தலையைத் தூக்கினால் அம்மா பின்னால் நிற்கிறார்.

"துட்டு குடுத்து வாங்கிட்டு அதுல வெந்நியக் கொட்டுதியே, கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு?"

பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் பதில் சொல்லவில்லை, வாயில் சோறு. அம்மா உட்கார்ந்து, என் கிண்ணத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "எலுமிச்சங்கா காணாது" என்றார். அவ்வளவுதான். தட்டின் ஓரத்தில் கிடந்த எலுமிச்சைத் துண்டை எடுத்து அவரே என் கிண்ணத்தில் பிழிந்துவிட்டார். பிறகு அந்தத் தம்பியைக் கூப்பிட்டுத் தனக்கு இன்னொரு கிண்ணம் சொதி சொன்னார், "கெட்டியா பாத்து ஊத்துப்பா" என்று.

மறுவீட்டு விருந்தில் அப்பாவுக்குப் பரிமாறின சொதியை இரண்டாவது கிண்ணத்தின்போதுதான் ஞாபகப்படுத்திக்கொண்டார். கல்யாணம் 1976-ல். அன்றைக்கு வீட்டில் எத்தனை தேங்காய் உடைத்தார்கள் என்பது இன்னும் நினைவிருக்கிறது அவருக்கு. பதினெட்டு. "எனக்கு ஒரு கரண்டிதான் கெடச்சுது" என்றார், சாதாரணமாக, துவையலை வழித்துக்கொண்டே.

வீட்டுக்கு வந்ததும் படுத்தவர் நன்றாகத் தூங்கிவிட்டார். செரிக்காது என்று பயமுறுத்தினது அவர். ராத்திரி ஒரு மணிக்கு அடுக்களையில் விளக்கைப் போட்டு சுக்கு டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தது நான்.