உடம்பில் ஒட்டாத காசு

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து வருகிறவர்களுக்கு வழியெங்கும் சோறும் மோரும் கொடுக்கிறோம். வாங்குகிறவர் வசதியுள்ளவரா, ஏற்கெனவே சாப்பிட்டவரா என்று எவரும் விசாரிப்பதில்லை. அதே மனிதர் கொடைக்கானல் பேருந்து நிலையத்தில் நூறு ரூபாய் கேட்டால் மட்டும், 'குடிக்கத்தானே?' என்ற சந்தேகம் முந்திக்கொண்டு வருகிறது. சோற்றுக்கு இல்லாத விசாரணை பணத்துக்கு எதற்கு?

பல நாடுகளில் ஏழைகளுக்கு நேரடியாகப் பணம் கொடுத்த திட்டங்களைப் பற்றிய ஆய்வுகளை உலக வங்கியின் ஆய்வாளர்கள் இருவர் 2014இல் தொகுத்துப் பார்த்தபோது, அதனால் மதுவுக்கும் புகையிலைக்கும் செலவு கூடியதாகப் பொதுவாகத் தெரியவில்லை. ஆகவே நம் சந்தேகம் அனுபவத்தில் விளைந்ததன்று. பணம் தகுதிக்குக் கிடைக்கும் சான்றிதழ் என்ற நம்பிக்கையில் விளைந்தது.

அந்த நம்பிக்கையைச் சோதிக்கவே, சில காலமாகச் சம்பளம் வந்ததும் ஐந்நூறு ரூபாயை முன்பின் அறியாத ஒருவரிடம் காரணம் கேட்காமல் கொடுத்து வருகிறேன். பூம்பாறையில் பூண்டுத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகும் ஓர் அம்மா வாங்க மறுத்துவிட்டார். "சும்மா வந்த காசு உடம்புல ஒட்டாது தம்பி" என்றார். என் தாத்தா வாங்கிப்போட்ட நிலம், சுற்றிலும் தங்கும் விடுதிகள் எழுந்ததால் மட்டுமே பல மடங்கு விலை ஏறியிருக்கிறது. அந்த ஏற்றத்துக்காக நான் ஒரு துளி வியர்வையும் சிந்தியதில்லை என்றாலும், அது என் உடம்பில் நன்றாகவே ஒட்டியிருக்கிறது. உழைக்காத காசைப் பற்றிய கூச்சம் முழுவதையும் உழைக்கிறவர்களிடமே விட்டுவைத்திருக்கிறோம்.

இதனால் கொடுப்பவர் உயர்ந்துவிடுவார் என்று நான் சொல்லவில்லை. இந்த மலைநாட்டை ஆண்ட பேகன், குளிரில் நடுங்குவதாக எண்ணி மயிலுக்குப் போர்வை தந்தவன்; மனைவி கண்ணகியைப் பிரிந்து அவளை வருந்த விட்டவனும் அவனே. மயிலுக்கு ஈந்த புகழைச் சொல்லித் தொடங்கும் பாட்டிலேயே சங்கப் புலவர் பரணர், தாம் பசித்து வரவில்லை என்றும், அவள் துயரைக் களைவதே தாம் வேண்டும் பரிசில் என்றும் கேட்கிறார். (வள்ளல் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்தப் பகுதிக்கு வருவதே இல்லை.)

எனவே, சீசனில் அறை வாடகையை இரட்டிப்பாக்கிவிட்டு, அறையைத் துடைப்பவரின் கூலியில் ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசும் நண்பர்கள் முதலில் அந்தக் கூலியைச் சரியாகக் கொடுக்கட்டும். அந்நியருக்குக் கொடுப்பதை அதன் பிறகு தொடங்கலாம்.