ஆளுக்கொரு அமெரிக்கக் குழு

குதிரைமேல் போகும் அமெரிக்கச் சிறப்புப் படையினரின் அந்தப் பழைய புகைப்படம் இன்று மறுபடி கண்ணில் பட்டது. 2001 அக்டோபர், வடக்கு ஆப்கானிஸ்தான். பார்க்கிற எல்லாரும் குதிரையைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கென்னவோ, குதிரையை விட்டு இறங்கியபின் நடந்ததுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

கேப்டன் மார்க் நட்ச் தலைமையில் 12 பேர் தரா-இ-சுஃப் பள்ளத்தாக்கில் இறங்கி, உஸ்பெக் தளபதி தோஸ்தமோடு சேர்ந்தார்கள். நட்ச் கான்சாஸ் பண்ணையில் வளர்ந்தவர், குதிரை பழக்கம். மற்றவர்களில் பலருக்கு அதுதான் முதல் சவாரி. அதுவும் மரச் சேணம், குட்டையான அங்கவடி. முழங்கால் பட்ட பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதே மலைப்பகுதியில் தாஜிக் தளபதி அத்தா முகமது நூர். எண்பதுகளில் தோஸ்தம் கம்யூனிஸ்ட் அரசுக்காகத் துப்பாக்கி தூக்கியவர். அத்தா அந்த அரசை எதிர்த்த முஜாஹித். இப்போது இருவருக்கும் பொது எதிரி தாலிபான். சரி, எதிரிக்கு எதிரி நண்பன் என்று சொல்லிவிடலாம். ஆனால் வானத்திலிருந்து குண்டு வரவழைக்கிற ஆட்கள் ஒருவர் பக்கம் மட்டும் இருந்தால் மற்றவர் சும்மா இருப்பாரா? வடக்கின் பெரிய நகரமான மசார்-இ-ஷரீஃபுக்குள் முதலில் நுழைகிறவருக்குத்தானே முதல் மரியாதை? நவம்பர் முதல் வாரத்தில் அத்தாவுக்கும் தனியாக ஒரு அமெரிக்கக் குழு வந்தது. 10ஆம் தேதி நகரம் விழுந்தது.

இதைச் சமரசம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பங்காளிகளுக்கு ஆளுக்கொன்று கொடுத்து வாயை அடைத்த கதை. நட்ச்சைக் குறை சொல்லவில்லை. அவருக்குக் கொடுத்த வேலை தாலிபானை விரட்டுவது, இவர்கள் பகையைத் தீர்ப்பது அல்ல.

பகை அப்படியேதான் இருந்தது. 2003 அக்டோபரில் மசாருக்கு மேற்கே இரு தரப்பும் டாங்கிகளோடு மோதின. அப்போது அங்கிருந்த சிறிய பிரிட்டிஷ் படைக்குழுவும் நடுவில் நின்று சண்டையை நிறுத்த உதவியது. அப்புறம் இரு பக்கமும் டாங்கிகளை ஒப்படைக்கத் தொடங்கினார்கள். ஆயுதத்தைக் கொடுத்துச் சேர்த்து வைப்பதைவிட, ஆயுதத்தை வாங்கிக்கொண்டு சேர்த்து வைப்பது எவ்வளவோ மேல். இதற்கு யாரும் சிலை வைக்கவில்லை. குதிரை வீரனுக்கு நியூயார்க்கில் வெண்கலச் சிலை நிற்கிறது.

2021 ஆகஸ்ட் 11 அன்று அப்போதைய ஆப்கன் அதிபர் அஷ்ரஃப் கனி மசாருக்கே பறந்து வந்து இருவரையும் சந்தித்தார். மூன்றே நாளில் நகரம் தாலிபான் கையில். தோஸ்தமும் அத்தாவும் எல்லை தாண்டி உஸ்பெகிஸ்தான் பக்கம் போனார்கள். அன்று யார் முதலில் என்று இருவரும் சண்டை போட்டதாகத் தெரியவில்லை.