அந்த 400 ஆர்பிஎம் எங்கடா போச்சு?

கடுப்புல எழுதுறேன், நீளமா போனா பொறுத்துக்கோங்க. ரெட்டை அவுட்போர்டு (பின்னாடி மாட்டித் தொங்குற எஞ்சின்) வச்ச பழைய ஸ்பீட் போட்டை எடுத்து சரி பண்றேன்னு கெளம்பினேன், எஞ்சினைத் தாங்குற பின்பக்கச் சுவர் இருக்கே, டிரான்சம், அதுக்குள்ள இருந்த பிளைவுட் ஊறிப்போய் சுத்தியலால தட்டினா தொப்பு தொப்புன்னு சத்தம், அதைத் தோண்டி மாத்தினேன், உப்புத்தண்ணியில அலுமினியத்தோட ஒட்டிப்போன ஸ்டெயின்லெஸ் போல்ட்டை எல்லாம் சூடு காட்டி எண்ணெய் விட்டு கழட்டினேன், ரெண்டு போல்ட்டு தலையோட முறிஞ்சுது, அதுக்குக்கூட நான் அசரல.

ஆனா இந்த 400 இருக்கே! ஃபுல் த்ராட்டில்ல இடது எஞ்சின் நிமிஷத்துக்கு 5500 சுத்து (ஆர்பிஎம்) போகுது, வலது 5100க்கு மேல முள்ளு நகர மாட்டேங்குது. ஆர்பிஎம் காட்டுற டேக்கோமீட்டரை இடம் மாத்திப் பார்த்தேன், அதே கதை.

யாரைக் கேட்டாலும் ஒரே பாட்டு, "ப்ராப்பை (தண்ணியைத் தள்ளுற ப்ரொப்பெல்லர்) மாத்து". பிட்ச்சை, அதாவது ஒரு சுத்துக்கு ப்ராப் முன்னேறணும்னு கணக்கு வச்ச தூரத்தை, ஒரு இன்ச் கொறைச்சா 150, 200 ஆர்பிஎம் ஏறும்னு எனக்கும் தெரியும்யா, ரெண்டு பக்கமும் ஒரே பிட்ச் தானே இருக்கு? ஒருத்தர் இன்னும் மேல போய் "இடது ப்ராப்பை வலதுல போட்டுப் பாரு"ங்கிறார். அய்யா சாமி, ரெண்டும் எதிரெதிரா சுத்துறது, மாத்திப் போட்டா முன் கியர்ல படகு பின்னாடி போகப் பார்க்கும்!

ரெண்டும் வி6, 12 சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் (உள்ள அழுத்தம்) பார்த்தேன், பிரச்சனை இல்ல. 6 கார்புரேட்டரையும் கழட்டி, பெட்ரோல் போற சின்ன ஓட்டை இருக்கிற ஜெட்ல பிசினா உறைஞ்சு கெடந்த பழைய பெட்ரோலை எடுத்தேன், ஒரு தடவை இல்ல மூணு தடவை, ஏன்னா பெட்ரோல்லயே ஆயில் கலந்து வர்ற டூ ஸ்ட்ரோக்ல ஒரு ஜெட் அடைச்சா அந்த சிலிண்டருக்கு ரெண்டுமே கொறையும், பிஸ்டன் உருகிடும்னு பயம். மூணு மாசம் சனி ஞாயிறு பூரா இதுலயே போச்சு.

நேத்து சாவியை எடுத்துட்டு, ப்ராப்பைக் கையால சுத்தி கியர்ல விழவச்சு, லீவரை முழுசா தள்ளிட்டு மூடிக்குள்ள எட்டிப் பார்த்தா வலது எஞ்சின்ல த்ராட்டில் முழுசா தெறக்கவே இல்ல, முழுசா தெறந்தா போய் முட்டுற ஸ்டாப்புக்கும் அதுக்கும் நடுவுல ஒரு விரல் போகுது! கேபிளைப் பிடிக்கிற கிளாம்ப் ஒடைஞ்சிருக்கு, அதுக்கு பதிலா ஒரு கேபிள் டை, தள்ளத் தள்ள வழுக்குது.

விக்கும்போது அந்த மனுஷன் என்கிட்ட சொன்னது, "எஞ்சின்ல கையே வைக்கல சார், அப்படியே ஒரிஜினல்". கையே வைக்கலன்னா இந்த டையை யாரு கட்டினா, நண்டு ஏறி வந்து கட்டிட்டுப் போச்சா?