பிறந்த தேதிக்கு மணி எதற்கு?

டேட்டாபேஸில் யாருடைய பிறந்த தேதிக்குப் பக்கத்திலாவது 18:30:00 என்று இருந்தால், அது இந்திய நேரத்தில் ஓடும் கம்ப்யூட்டரிலிருந்து வந்தது என்று கிட்டத்தட்ட அடித்துச் சொல்லலாம்.

நடப்பது இதுதான். படிவத்தில் ஒருவர் 15 ஜூன் 1990 என்று தேர்ந்தெடுக்கிறார். பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் அதை நம் ஊர் நள்ளிரவு 12 மணியாக வைத்துக்கொள்கிறது. தேதியை எழுத்தாக மாற்றும் டூ-ஐஎஸ்ஓ-ஸ்ட்ரிங் கட்டளையைப் போட்டதும், நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும் உலகப் பொது நேரமான யுடிசிக்கு மாற்றி 1990-06-14T18:30:00.000Z என்று தருகிறது. நாம் முதல் பத்து எழுத்தை மட்டும் வெட்டிச் சேமிக்கிறோம். ஒரு நாள் போச்சு.

ஓய்வூதியதாரர் பட்டியல் ஒன்றில் இந்த பக் வந்தபோது, நான் செய்த வைத்தியம் 5:30 மணி நேரத்தைக் கூட்டியது. சோதித்த தேதியெல்லாம் சரியாக வந்தது. புகார் டிக்கெட்டை மூடிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். கொஞ்ச நாள் கழித்து ஒருவர் போன் செய்தார். "சார், அம்மாவுக்கு மட்டும் இன்னும் ஒரு நாள் கம்மியா இருக்கு."

அம்மா பிறந்தது 1943 மார்ச்சில். எடுத்துப் பார்த்தால் 18:30 இல்லை, 17:30! இரண்டாம் உலகப் போர் சமயத்தில், 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் வரை, இந்தியக் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருந்தார்கள். நமக்கு மறந்துபோனது, ஊர் ஊராக நேர மாற்றங்களைக் குறித்து வைத்திருக்கும் டைம்ஜோன் டேட்டாபேஸுக்கு மறக்கவில்லை. 17:30-உடன் ஐந்தரை மணி நேரம் கூட்டினால் முந்தைய நாள் இரவு 11 மணி. இலங்கையில் இது இன்னும் மோசம். அங்கே 1996 மே மாதம் கடிகாரத்தை யுடிசியைவிட ஆறரை மணி நேரம் முன்னே, அதாவது +6:30 ஆக்கினார்கள், அதே அக்டோபரில் +6:00, 2006 ஏப்ரலில்தான் மறுபடி +5:30. ஐந்தரை மணி நேரம் கூட்டும் என் பேட்ச் கொழும்பில் ஓடியிருந்தால் அந்தப் பத்து வருடப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பிறந்தநாள் மாறியிருக்கும்.

"எல்லாத்தையும் யுடிசியில வை" என்று சீனியர்கள் சொல்லிக் கொடுப்பதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. பணம் போன நேரம், லாகின் ஆன நேரம், இதற்கெல்லாம் சரி. அடுத்த வருடம் லண்டனில் காலை 10 மணிக்கு மீட்டிங் என்றால் அந்த ஊர் நேரத்தையும் ஊர்ப் பெயரையும்தான் வைக்க வேண்டும். நடுவில் அங்கே கடிகார விதியை மாற்றினால் யுடிசி கணக்கு தப்பிவிடும். பிறந்த தேதியோ ஒரு நேரமே கிடையாது. பிறந்த மணி ஜோசியருக்கு வேண்டும், ஓய்வூதியத்துக்கு எதற்கு?

இதற்கு, தேதி எழுதும் முறைக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 8601-ஐத் திட்டுபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. 1988-இல் வந்த அந்தத் தரத்தில் வெறும் 1943-03-10 என்று எழுதினாலே செல்லும். நேரம் தொடங்குவதைக் காட்டும் T-யும் யுடிசியைக் காட்டும் Z-உம் நாமாக இழுத்துக்கொண்டது.

நான் கடைசியில் டேட்டாபேஸில் பிறந்த தேதிக்கான நெடுவரிசையை, தேதியை மட்டும் வைக்கும் 'டேட்' வகைக்கு மாற்றி, படிவத்திலிருந்து வரும் எழுத்தை அப்படியே சேமித்தேன். மாற்றியது நான்கு வரி. ஏற்கெனவே கெட்டுப்போன பதிவுகளைக் காகிதத்தோடு ஒப்பிட்டுத் திருத்தத்தான் மூன்று வாரம் ஆனது.