100 டிகிரியைத் தொட்ட பிறகுதான் பெரிய செலவே

"தண்ணீர் 100 டிகிரியை எட்டினால்தான் ஆவியாகும்" என்று கட்டுரையில் வந்திருப்பதைத் தயவுசெய்து திருத்துங்கள். அது கொதித்தல். ஆவியாதல் எந்த வெப்பநிலையிலும் நீரின் மேற்பரப்பில் நடக்கும். ஈரத்துணி நிழலில் காய்வது அதனால்தான்.

1 கிலோ நீரை 25 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 314 கிலோஜூல் போதும் (75 டிகிரி × 4.19; 1 கிலோ நீரின் சூட்டை 1 டிகிரி ஏற்ற 4.19 கிலோஜூல், இதுதான் நீரின் தன்வெப்பம்). அந்த நீர் முழுவதையும் நீராவியாக்க மேலும் 2257 கிலோஜூல் வேண்டும். ஏழு மடங்குக்கும் அதிகம்! வெப்ப இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டால், 1 கிலோவாட் ஹீட்டரில் கொதி வர 5 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். முழுதும் வற்ற இன்னும் சுமார் 38 நிமிடம். அவ்வளவு நேரமும் வெப்பமானி 100-ஐத் தாண்டாது. திறந்த பாத்திரத்தில் கொதி வந்தபின் தீயைக் கூட்டினால் நீர் சீக்கிரம் வற்றுமே தவிர, அதன் சூடு ஏறாது. மாணவர்கள் தடுக்கி விழும் இடமும் இதுதான்: வெப்பநிலை மாறாத கட்டத்துக்கும் தன்வெப்பச் சூத்திரத்தையே (நிறை × தன்வெப்பம் × வெப்பநிலை மாற்றம்) போடுகிறார்கள்.

அறை வெப்பநிலையில் ஆவியாகும் நீருக்கு இன்னும் சற்று அதிகம், கிலோவுக்குச் சுமார் 2440 கிலோஜூல். அடுப்பு இல்லாததால் அந்த வெப்பத்தை மிச்ச நீரிடமிருந்தும் சுற்றியுள்ள காற்றிடமிருந்தும் எடுத்துக்கொள்கிறது. குளிர்ச்சி அங்கிருந்துதான் வருகிறது. நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் ஏர் கூலரை மூடிய அறையில் ஓட்டக் கூடாது என்பதும் இதையொட்டியே. காற்றில் ஈரப்பதம் ஏற ஏற ஆவியாதல் குறையும், கடைசியில் புழுக்கம்தான் மிஞ்சும். எதிர்ப்புற ஜன்னலைத் திறந்து வைத்து, ஈரக்காற்று வெளியேற வழி விடுங்கள்.