மைக்கைப் பிடுங்கியவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை சேலத்துக்கு வந்த வெளிநாட்டுத் தூதரக அதிகாரியிடம் கேள்வி கேட்ட ஒரு அம்மாவிடமிருந்து நம் ஆட்களே மைக்கைப் பிடுங்கியதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வீடியோவை எல்லாரும் பார்த்தாச்சு. ஆனால் "அந்தம்மா சேலத்து மானத்தையே வாங்கிட்டாங்க" என்று நம் ஊர்க் குழுக்களில் ஓடுவதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

அந்த அம்மா என்ன கேட்டார்? "பையனுக்கு சீட் கிடைச்சது, பேங்க் லோனும் கிடைச்சது, விசா மட்டும் ஏன் சார் இல்லைன்னீங்க?" இவ்வளவுதான். அதற்குள் ஒருங்கிணைப்பாளர் ஓடி வந்து மைக்கின் தலையைக் கையால் பொத்தி, சிரித்த முகம் மாறாமல் பிடுங்கினார். வீடியோவை நிறுத்திப் பாருங்கள். மேடையில் இருந்த தூதரக அதிகாரி பதில் சொல்லத் தயாராகி, பேனாவைக்கூடக் கையில் எடுத்துவிட்டார். அவருக்கே இல்லாத பதற்றம் நம் ஆட்களுக்கு.

கல்யாண வீட்டுக்கு வந்த விருந்தாளி இல்லைங்க அவர். வேலையாக வந்தவர். தூதரகத்தின் வேலை என்ன என்று நாடுகளுக்கிடையிலான தூதரக உறவு பற்றிய 1961 வியன்னா ஒப்பந்தத்தின் 3-ஆவது பிரிவே சொல்கிறது. தன் நாட்டின் சார்பில் நிற்பது, தன் குடிமக்களைக் காப்பது, பேச்சுவார்த்தை நடத்துவது எல்லாம் போக, இந்த நாட்டில் என்ன நிலவரம் என்று முறையாகத் தெரிந்துகொண்டு தன் அரசுக்கு எழுதுவதும், நட்பை வளர்ப்பதும் அதில் வரும். அரசாங்கத்தோடு மட்டும் பேசினால் போதாது, ஜனங்களிடமும் நல்ல பெயர் எடுக்கணும் என்று நாடுகள் இதற்கெனத் தனி ஆட்களை வைத்திருக்கின்றன. நம் வெளியுறவு அமைச்சகமே 2006-இல் அதற்கென ஒரு பிரிவைத் தொடங்கியது. சேலத்து ஜனம் என்ன நினைக்கிறது என்று கேட்டுக்கொண்டு போவதும் வந்தவரின் வேலைதான். அந்த அம்மா அவர் வேலையைச் சுலபமாக்கினார். நீங்கள் கெடுத்தீர்கள்.

"அவர் கலாச்சாரப் பிரிவு, விசா வேற பிரிவு" என்கிறார்கள். சரி. ஒருவருடைய விண்ணப்பத்தைப் பற்றி மேடையில் பேச முடியாது என்பதும் சரி. ஆனால் விதியைச் சொல்லலாமே? அமெரிக்கச் சட்டத்தில் 214(பி) என்று ஒரு பிரிவு உண்டு. நீங்கள் அங்கேயே தங்கிவிடுவீர்கள் என்றுதான் முதலில் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. அப்படி ஒவ்வொரு நாட்டுக்கும் ஏதோ ஒரு விதி இருக்கும். இவர் தன் நாட்டு விதியை இரண்டு வார்த்தை விளக்கியிருந்தால் அங்கே இருந்த அத்தனை பெற்றோரும் குறிப்பெடுத்திருப்பார்கள். நட்புறவு பற்றிய அந்த நீள உரையில் எதையாவது யாராவது குறிப்பெடுத்தோமா?

எனக்கு இதில் ஏன் இவ்வளவு கோபம் என்றால், தூதரகத்தை நான் மேடையில் மட்டும் பார்த்தவன் இல்லை. எங்கள் பெரியப்பா மகன் வளைகுடாவில் வேலை பார்த்த இடத்திலேயே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். உடலைக் கொண்டுவர அந்த ஊர் இறப்புச் சான்று, பாஸ்போர்ட் ரத்து, நம் தூதரகத்தின் தடையில்லாச் சான்று என்று ஒவ்வொன்றாக ஓட வேண்டும். இந்த மாதிரி நேரத்தில் கையில் காசில்லாதவர்களுக்கு உதவ 2009 முதல் இந்தியத் தூதரகங்களில் ஒரு சமூக நல நிதி இருக்கிறது என்பதே அப்போதுதான் தெரிந்தது. தூதரகத்தில் போனை எடுத்த மலையாளி ஊழியர் விவரமெல்லாம் எழுதிக்கொண்டு கடைசியில், "அண்ணே, அம்மாகிட்ட சொல்லியாச்சா?" என்று கேட்டார். பெரியம்மாவிடம் அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை. தூதரகங்கள் நடத்தும் யோகா தினமெல்லாம் மறந்துபோகும். அந்தக் குரல் மறக்காது.

இன்னொரு நாட்டுத் தூதரகம். தங்கச்சி பிரசவத்துக்குப் போக அம்மா விசா கேட்டுப் போனார். ஃபைலில் மாட்டியிருந்த ரப்பர் பேண்டைக்கூடக் கழற்றவில்லை. அச்சடித்த தாளை நீட்டிவிட்டார்கள். கட்டிய பணமும் திரும்பாது. திரும்பி வரும்போது ஆத்தூர் தாண்டும்வரை அம்மா வாயே திறக்கவில்லை. இன்றைக்கும் அந்த நாட்டுப் பெயர் டிவியில் வந்தால் சேனலை மாற்றுகிறார். அவர்கள் எந்த ஊரில் எத்தனை நடன நிகழ்ச்சி நடத்தினால் இது சரியாகும்?

"இப்படிக் கேட்டால் அடுத்த தடவை கோயம்புத்தூருக்குப் போயிடுவாங்க." போகட்டும். அங்கே மட்டும் வாயில்லாத ஜனமா இருக்கிறது?

உண்மையில் நமக்குப் பயம் இல்லை, பவ்யம். 1820-களில் சேர்வராயன் மலையில் காபி நட்ட வெள்ளைக்கார கலெக்டர் காக்பர்ன் துரை போய்ச் சேர்ந்து எத்தனை காலம் ஆச்சு! ஞாயிற்றுக்கிழமை வந்த அதிகாரிக்குப் போட்ட பொன்னாடையில் விலை ஸ்டிக்கரைக் கிழிக்க மறந்தோம், குனிய மறக்கவில்லை. சாயங்காலமே ஏற்காட்டுக்குக் கூட்டிப் போய் லேடீஸ் சீட்டில் வரிசையாக நின்று போட்டோ வேறு.

இதே சேலத்தில் நகராட்சித் தலைவராக இருந்தவர் ராஜாஜி. 1962-இல், எண்பதைத் தாண்டிய வயதில், எந்த அரசுப் பதவியிலும் இல்லாமல், வாஷிங்டன் போய் அணுகுண்டுச் சோதனையை நிறுத்தச் சொல்லி அமெரிக்க அதிபர் கென்னடியிடம் நேருக்கு நேர் பேசினார். "கவர்னர் ஜெனரலாக இருந்தவரும் இந்தம்மாவும் ஒன்றா?" என்று ஒருத்தர் கிளம்புவார். ஆமாம், எனக்கு ஒன்றுதான்.

அப்புறம், "உங்க பையனும் வெளிநாடு போகணும்ல, இதையெல்லாம் பார்ப்பாங்க" என்று இன்பாக்ஸில் அக்கறையாக மிரட்டிய அண்ணனுக்கு. அமெரிக்கா 2019 முதல் விசா விண்ணப்பத்திலேயே சமூக வலைத்தளக் கணக்குகளைக் கேட்கிறது, தெரியும். மற்றவர்களும் பார்க்கட்டும். அதற்காகத்தான் இந்தப் பதிவைப் பப்ளிக்கில் போட்டிருக்கிறேன்.